தனலட்சுமி உட்கார்ந்தால் மட்டும் நின்றுபோன என்ஜின்

பட்டறைச் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கடலூருக்கு வந்து மகளோடு இருக்கிறேன். ஆனாலும் தெருவில் ஒரு கார் இரண்டு முறை கிக்கென்று சுற்றிக் கிளம்பாமல் நின்றால் போதும், காபியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். இந்தத் தொழிலுக்கு இப்போதுதான் வந்திருக்கிற உங்களிடம் அதை மறைக்க என்ன இருக்கிறது? ஒரு பழுது பிடிபடுகிற நொடியில் உடம்பில் ஒரு குறுகுறுப்பு ஓடும் பாருங்கள், அது எனக்கு இன்னும் தீரவில்லை.

உங்களில் பலர் ஸ்கேனரோடு வேலை பழகுகிறீர்கள். நல்ல கருவி. நானும் கடைசி வருஷங்களில் அதை வைத்துப் பிழைத்தவன்தான். ஆனால் ஸ்கேனர் மாட்டத் துளைகூட இல்லாத ஒரு பழைய காரைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். என் வேலைக்காலத்தில் நான் அதிகம் பதறியதும் அந்தக் காரால்தான், அதிகம் துள்ளியதும் அந்தக் காரால்தான்.

அப்போது சிதம்பரம் புறவழிச்சாலையை ஒட்டி என் பட்டறை இருந்தது. அந்தோணி என்று ஒருவர். சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம், சிதம்பரத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திவந்தார். உறவு ஒன்றுமில்லை, ஆனாலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் இருந்தது ஒரே கார். வெள்ளை நிறச் சின்னக் கார், கார்புரேட்டர் வைத்த பழைய மாடல். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்திலும் கிளட்ச், பிரேக் பெடல்கள் உண்டு. ஊரில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் அதில் பழகியவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் காலையில் அந்தக் காரோடு வந்தார். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. நாற்பதைத் தாண்டிய வயது, வெயிலில் நின்று உழைத்த கைகள். பெயர் தனலட்சுமி, கீரப்பாளையம் பக்கம் ஒரு கிராமம். அவர் இறங்குவதற்குள் அந்தோணி என்னைத் தனியாக அழைத்துப்போய்க் காதோடு சொன்னார்.

"மாமா, நாளைக்குக் காலைல இவுங்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட்டு. ஏற்கனவே ரெண்டு வாட்டி போச்சு. நிறுத்தச் சொன்னா என்ஜின ஆஃப் பண்ணிடுறாங்க. கேட்டா தானா நிக்குதுங்கறாங்க. நீங்க ஒருதடவ பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்கன்னா மனசுல தைரியம் வந்துடும்."

கவனியுங்கள். அவர் என்னிடம் பழுது பார்க்கச் சொல்லவில்லை. பழுதில்லை என்று சொல்லத்தான் அழைத்தார். இப்படி வருகிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். அந்த வாடிக்கையாளர் எத்தனை நெருக்கமானவராக இருந்தாலும், அவர் தருகிற பதிலை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள்.

தனலட்சுமிக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய ஊரில் பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து காய்கறி பயிரிடுகிறார்கள். கத்தரி, வெண்டை, கீரை. விளைந்ததைச் சிதம்பரம் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு சின்ன லோடு வண்டி, நாம் குட்டியானை என்கிறோமே அது, குழுவுக்குக் கிடைத்திருந்தது. அதற்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியவர் தனலட்சுமிதான். ஓட்டப்போவதும் அவர்தான் என்று முதலிலேயே பேசி முடித்திருந்தார்கள். ஆனால் வண்டி வந்து தார்ப்பாய்க்குள் நின்றுகொண்டே இருந்தது. இந்த முறையும் லைசென்ஸ் வராவிட்டால் வெளியாளைப் போட்டுவிடலாம் என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. அந்த இருக்கைக்கு அவருடைய கொழுந்தனாரே தயாராக இருந்தார்.

"வண்டிக்குள்ள ஏறி உக்காந்து பாத்துட்டுப் போறாருண்ணே தெனமும்" என்றார் தனலட்சுமி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நாங்கள் வேலையில் இறங்கினோம். நின்ற நிலையில் என்ஜின் அணைந்துபோகிறது என்றால் நீங்களும் இதைத்தான் முதலில் பார்ப்பீர்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம், பிளக்குகளைச் சுத்தம் செய்தோம், பெட்ரோல் வரும் வழியை ஊதிப் பார்த்தோம், ஐட்லிங்கை, அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது ஓடுகிற வேகத்தை, சரியாக வைத்தோம். பிறகு என்ஜின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை நிறுத்தி ஓடவிட்டோம். தண்ணீர் லேசாக நடுங்கியது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பட்டறைக்கே பெருமையாக இருந்தது. அந்தோணி கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு, சொன்னேன் பார்த்தீர்களா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அப்போது தனலட்சுமி எழுந்து வந்தார்.

"அண்ணே, நான் ஒருதடவ உக்காந்து பாக்கட்டா?"

உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். பெல்ட்டைப் போட்டார். என்ஜின் சத்தம் ஒரு படி இறங்கியது. உடம்பைக் குலுக்கியது. நின்றுபோயிற்று.

என் பையன்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தோணி நெற்றியில் அடித்துக்கொண்டார். தனலட்சுமி இறங்கவில்லை. சாவியைத் திருப்பித் திரும்பக் கிளப்பினார். கொஞ்ச நேரம் ஓடி மறுபடியும் நின்றது. அந்தோணி அவரை இறக்கிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்தார். கிளப்பினார். கையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டிக்கொண்டார். என்ஜின் மணியாக ஓடியது. எவ்வளவு நேரம் ஆனாலும் ஓடியது. தனலட்சுமியை ஏற்றினால் நின்றது.

அந்த நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று என்று சொன்னால் நம்புவீர்களா? நம்மைத் திண்டாடவைப்பது எப்போதாவது வந்துவிட்டுப் போகிற பழுதுதான். பட்டறைக்கு வந்தால் ஒளிந்துகொள்ளும், வீட்டுக்குப் போனால் தலைகாட்டும். இதுவோ கூப்பிட்டால் வருகிறது! ஒருவர் உட்கார்ந்தால் வருகிறது, இன்னொருவர் உட்கார்ந்தால் போகிறது. இனி அந்த இருவருக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் போதும். பழுது அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

கிளட்ச்சைப் பாதியில் விட்டுவிடுகிறார், பயம்தான் காரணம் என்று அந்தோணி திரும்பவும் சொன்னார். நியாயமான சந்தேகம்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் என்ஜினை நிறுத்துவார்கள். அதனால் கியரை நானே நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடச் சொன்னேன். நியூட்ரலில் கிளட்ச்சை எப்படி விட்டாலும் என்ஜின் நிற்காது. எல்லோரும் காரைச் சுற்றி நின்றோம். தனலட்சுமி இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ஜின் இறங்கியது, குலுக்கியது, நின்றது.

சிரித்த பையன்கள் இருவரும் கையை இறக்கினார்கள். அந்தோணியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தனலட்சுமியும் பார்த்தார்.

நான் கதவைத் திறந்து, தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, தலையை பெடல்களுக்குப் பக்கத்தில் நுழைத்தேன். புடவையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளச் சொன்னேன். "எப்பவும் உங்க கால் என்ன செய்யுதோ அதையே செய்யுங்கம்மா. எனக்காக எதையும் மாத்த வேணாம்" என்றேன். கிளப்பினார். வலது கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்து பிரேக் மேல் போய் உட்கார்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. அந்தோணி பழக்கியபடியேதான். வண்டி நின்றால் கால் பிரேக்கில் இருக்க வேண்டும்.

உடனே என் காதுக்கு மேலே, பெடல் தண்டு போகிற இடத்தில், 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல். சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி. அது கேட்ட சில நொடிகளில் என்ஜின் நின்றது. காலை எடுத்தார், சீறலும் நின்றது.

"இந்தச் சத்தம் முன்னாடியும் வருமாம்மா?"

"எப்பவும் வரும்ணே. ஏசி காத்துன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"இதுல ஏதும்மா ஏசி?" என்றார் அந்தோணி, குரல் உள்ளே போய்.

"பிரேக்கு எப்படி இருக்கும்?" என்று தனலட்சுமியைக் கேட்டேன்.

"கல்லாட்டம் இருக்கும். நெல்லு மூட்டயத் தள்ளுறாப்புல தள்ளித்தான் நிறுத்துவேன். எல்லாக் காரும் அப்படித்தானே?"

படுத்த வாக்கில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவரைப் பார்த்து இல்லை, அந்த இடம் பிடிபட்ட குதூகலம். வெளியே வந்து பானெட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன்.

பிரேக் பூஸ்டர் உங்களுக்குத் தெரியும். பெரிய இட்லித் தட்டை மூடிவைத்தது போலச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்பு டப்பா. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. என்ஜின் உறிஞ்சுகிற காற்றைக் கொண்டே அது நம் காலுக்கு பலம் சேர்க்கிறது. அந்தச் சவ்வு கிழிந்துபோனால், பிரேக்கை மிதிக்காதவரை ஒன்றும் தெரியாது. மிதித்தவுடன் வெளிக்காற்று கிழிசல் வழியாகப் புகுந்து நேரே என்ஜினுக்குள் போகும். வேகமாக ஓடும்போது என்ஜின் அதைப் பொருட்படுத்தாது. ஐட்லிங்கில் மூச்சு முட்டி நின்றுவிடும்.

ஊகம் சரிதான் என்று தோன்றினாலும் நிரூபிக்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். பூஸ்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் டியூபைத் துணி சுற்றிய குறட்டால் நசுக்கிப் பிடித்தேன். மிதிக்கச் சொன்னேன். என்ஜின் ஓடியது. இன்னும் அழுத்தச் சொன்னேன். ஓடியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிடியைத் தளர்த்தினேன். என்ஜின் இறங்கி, குலுக்கி, நின்றது. மறுபடியும் பிடித்தேன், ஓடியது. விட்டேன், நின்றது. பையன்கள் விசிலடித்தார்கள். தனலட்சுமி கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நிறுத்தலதானே அண்ணே?" என்று கேட்டார்.

"நீங்க நிறுத்தலம்மா" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார்.

இத்தனை பேர் பார்த்தும் ஏன் அகப்படவில்லை என்று கேட்பீர்கள். நாம் ஐட்லிங்கை எப்படிச் சோதிக்கிறோம்? ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, பானெட்டைத் திறந்து, தலையை என்ஜினுக்குள் விடுகிறோம். ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்கிறது. அந்தோணிக்கோ நின்றவுடன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்துவிடுகிற பழக்கம். பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியதால் அவர் காலும் அதோடு சேர்ந்து பழகிவிட்டது. பிரேக்கை மிதித்தபடி காத்திருந்தது கற்றுக்கொள்ள வந்தவர்கள் மட்டும்தான். ஓட்டத் தெரியாதவர்கள் என்பதால் அவர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கொண்டாட்டம் அடங்கியதும் நெருக்கடி வந்தது. டெஸ்ட் மறுநாள் காலை. அந்தக் காருக்குப் புது பூஸ்டர் கடைகளில் இல்லை. மற்றப் பயிற்சிப் பள்ளிகளுக்கு அந்தோணி பேசிப் பார்த்தார். அவர்களுக்கும் நாளை ஆள் இருந்தது. தேதியைத் தள்ளினால் திரும்ப எப்போது கிடைக்குமோ, அதற்குள் கொழுந்தனார் ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவார்.

அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, அந்த டியூபை அடைச்சு வுட்டுடுங்க. என்ஜின் நிக்காதுல்ல? நாளைக்கு ஒருநாள் போவட்டும். மைதானத்துலதான, மெதுவாத்தான ஓட்டப் போறாங்க. மத்தியானமே வண்டிய உங்ககிட்டயே கொண்டாந்து வுட்டுடறேன்."

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்திவைத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் கேட்டது முட்டாள்தனமில்லை. டியூபை அடைத்தால் புகார் அடியோடு மறைந்துவிடும். ஒரு கட்டை, ஒரு கிளிப், வேலை முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவந்த புகார் என்ஜின், உள்ளே இருந்த ஆபத்து பிரேக். என்ஜின் நின்று நின்று இத்தனை நாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாயை அடைத்துவிட்டு, பலமே இல்லாத பிரேக்கோடு, பதற்றத்தில் இருக்கும் ஒருவரை டெஸ்ட் மைதானத்து மேட்டில் ஏற்றிவிடச் சொல்கிறார். கீழே அடுத்த ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

மனசு ஆடவில்லை என்று சொல்லமாட்டேன். தனலட்சுமியின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆடும். முடியாது என்று சொல்லிவிட்டு, வேறு யாரிடமாவது கொண்டுபோய்விடுவாரோ என்று கார் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு போனை எடுத்தேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஷீர் பாய் என்று எனக்குப் பழக்கமான ஒருவர். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்பவர். மாடலைச் சொன்னேன். போனைக் கையில் வைத்துக்கொண்டே அவர் இரும்புக் குவியலில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு கெடக்குண்ணே. ஒண்ணு துரு ஜாஸ்தி, அது வாணாம். இன்னொண்ணு ஒரு டாக்டரு வண்டில கழட்டுனது, அவ்வளவா ஓடாத வண்டி. பஸ்ஸுல போட்டு வுடறேன், இன்ஷா அல்லா சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

அந்தோணி சிதம்பரம் பஸ் நிலையத்துக்குப் பறந்தார். கடலூரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி ஓட்டுநர் பக்கத்தில் ஒரு சாக்குமூட்டை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இதற்கிடையில் நாங்கள் பழைய பூஸ்டரைக் கழற்றி, எடுத்தவுடன் மாட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் வைத்திருந்தோம். தனலட்சுமி ஊருக்குப் போகவில்லை. பழசைப் பிரித்துக் காட்டச் சொன்னார். பிரித்தோம். சவ்வில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். அதில் விரலை விட்டுப் பார்த்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோது அந்தோணி மூட்டையைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவசரம் என்பதற்காக அதை அப்படியே மாட்டவில்லை. பழைய பொருள் எவ்வளவு நல்ல இடத்திலிருந்து வந்தாலும் சோதிக்க வேண்டும். துடைத்து, வாயை வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடித்தேன். நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தது. சவ்வு கிழியவில்லை, உயிர் இருக்கிறது! மாட்டினோம். பிரேக்கை மிதித்தபடி கிளப்பினேன், பெடல் காலுக்குக் கீழே மெல்ல இறங்கியது. அடடா, அந்த இறக்கத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எவ்வளவு நேரம் மிதித்துப் பிடித்தாலும் என்ஜின் அசையவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

புறவழிச்சாலைக்குப் பின்னால் வீட்டுமனை பிரித்துக் கல் நட்டிருந்த ஒரு திடல். தனலட்சுமி ஓட்ட, பக்கத்தில் அந்தோணி, பின்னால் நான். அழகாக எடுத்தார், கியர் மாற்றினார். அந்தோணி நிறுத்தச் சொன்னார். தனலட்சுமி வழக்கம்போல நெல் மூட்டையைத் தள்ளினார். என் நெற்றி முன் இருக்கையில் போய் மோதியது. கார் குத்திக்கொண்டு நின்றது, கிளட்ச்சை மிதிக்க நேரமில்லாமல் என்ஜினும் நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அந்தோணியின் மூக்குக்கண்ணாடி பறந்தது.

காரைச் சரிசெய்துவிட்டோம். கெட்டுப்போன காருக்குப் பழகிய காலை யார் சரிசெய்வது? சத்தியமாக அதை நான் யோசித்திருக்கவில்லை. டெஸ்டில் இப்படி ஒருமுறை நிறுத்தினால் ஆய்வாளர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவார்.

"அந்த டியூபையே அடைச்சு வுட்டுடலாம் மாமா. அப்ப நிறுத்தவாவது தெரியும்" என்றார் அந்தோணி. பாவம், அவர் குரலில் அழுகை.  பிரேக் விஷயத்தில் இறங்கிவரமாட்டேன் என்பது உறுதி. ஆனால் அந்த உறுதியால் ஒருவருடைய வாழ்க்கை கைநழுவுகிறது என்றால் என்ன சொல்வது?

தனலட்சுமிதான் பேசினார். குனிந்து செருப்பைக் கழற்றிப் பின்னால் என் காலடியில் வைத்தார்.

"இருங்க சார். சேத்துல கால் வைக்கும்போது எம்மாம் அழுத்தணும்னு கால்தான் சொல்லும். செருப்போட நடவுக்கு எறங்குனா என்னத்தத் தெரியும்?"

காரைக் கிளப்பி, நகரவிட்டு, வெறுங்காலின் முன்பகுதியை மட்டும் பெடலில் வைத்தார். கார் தலையாட்டி நின்றது. மறுபடி. இன்னும் மெதுவாக. அந்தோணியை வாயைத் திறக்கவே விடவில்லை. தானே எடுத்தார், தானே நிறுத்தினார். ஒரு மனைக்கல்லிலிருந்து அடுத்த கல் வரை, அங்கிருந்து அடுத்தது வரை. தெருவிளக்கு எரிகிற வேளையில் கார் நின்றதே எனக்குத் தெரியவில்லை. அந்தோணி திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, நின்னுடுச்சு" என்றார். மூவரும் சிரித்தோம்.

மறுநாள் எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. ஆனாலும் பட்டறையைத் திறக்காமல் மைதானத்துக்குப் போய்விட்டேன். இதையும் சொல்கிறேன், முடிந்தபோதெல்லாம் போங்கள். நாம் கை வைத்த வண்டி வெளியே போய் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆய்வாளர் இடது பக்கம் உட்கார்ந்தார். தனலட்சுமி சுற்றி வந்தார், வளைத்தார், பின்னால் எடுத்தார். கடைசியாக மேடு. பாதி மேட்டில் ஆய்வாளர் நிறுத்தச் சொன்னார். நின்றது. முன்பு இரண்டு முறையும் எல்லாம் முடிந்துபோன இடம் அது. வெறுங்கால் பிரேக் மேல். நானும் அந்தோணியும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் காது முழுக்க அந்த என்ஜின்தான். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தது.

தனலட்சுமி காரை நகர்த்தவில்லை. ஆய்வாளர் ஏதோ கேட்டார். அப்போதும் நகர்த்தவில்லை.  பயந்துவிட்டாரோ? பிறகு கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் மேட்டை ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

ஏனம்மா அவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"அது நிக்காம ஓடுறத இன்னுங் கொஞ்ச நேரம் கேக்கணும்போல இருந்துச்சுண்ணே. போலாமேம்மான்னாரு. இதோ சார்ன்னேன்."

தேறிவிட்டார். லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே தார்ப்பாயை அவிழ்த்தார்கள். கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு முதல் முறை சந்தைக்குப் போகிற வழியில் என் பட்டறை வாசலில் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது டெஸ்ட் நடந்த அன்று மத்தியானம் நடந்ததை. அந்தோணி என் பட்டறைக்கு வந்தார். இனிப்பு வாங்கி வந்திருந்தார். பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, மேசை மேல் கிடந்த கிழிந்த சவ்வை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, இது எப்ப கிழிஞ்சிருக்கும்?"

சொல்ல முடியாது, ரொம்ப நாள் ஆகியிருக்கும் என்றேன்.

"இந்த வண்டில கத்துக்க வந்துட்டு, நமக்கு வராது சார்னு பாதில வுட்டுட்டுப் போனவுங்க எத்தினி பேரு தெரியுமா? எல்லாருகிட்டயும் நான்தான் சொன்னேன், உங்களுக்குப் பயம்னு."

நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்தார். கையிலிருக்கும் க்ரீஸ் ஒட்டிவிடும் என்று மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் ஓர் ஆசிரியை. கார் ஓட்டும் ஆசையை விட்டுவிட்டுப் பஸ்ஸிலேயே பள்ளிக்குப் போய்வருகிறவர் என்று மணி அடிக்கும்போதே எனக்குச் சொன்னார்.

"டீச்சர், அந்தோணி பேசறேன். டிரைவிங் ஸ்கூலு. நீங்க நல்லாத்தான் ஓட்டுனீங்க டீச்சர். வண்டிதான் கெட்டுக்கெடந்துச்சு. நேத்துதான் கண்டுபிடிச்சோம். நீங்க என்ஜின நிறுத்தவேயில்ல. அதைச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

 இணைப்புப் போய்விட்டதோ என்று அந்தோணி போனைக் குனிந்து பார்த்தார். பிறகு குரல் வந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க. எங்க வீட்டுக்காரரு பக்கத்துலதான் சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. போனை அவருகிட்ட குடுக்கறேன், இதையே இன்னொருவாட்டி அவருகிட்ட சொல்லுங்க."

அந்தோணி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று, பட்டறை முழுக்கக் கேட்கிற குரலில், முதலிலிருந்து சொன்னார்.